உழவன் மகன் கொண்டுவந்த எழுத்து

ஆண்டவனுக்கு எத்தனை மொழி தெரியும்?

இக்கேள்வியைக் கேட்டால் நம்மவர் நகைப்பர். ஆண்டவனே இல்லை என்பாருக்கு இந்தக் கேள்வி வேண்டாத வேலை. இருக்கிறான் என்பாரோ, "எல்லாம் அறிந்தவனுக்கு எல்லா மொழியும் தெரியும்" என்று உடனே மறுமொழி உரைப்பர். ஆனால் வரலாற்று ஏட்டைப் புரட்டினால் நாம் காண்பது என்ன? எல்லாம் அறிந்தவன் என்று போற்றப்பட்டவனுக்கு, ஒரே ஒரு மொழிதான் தெரியும் என்று குருமார் சாதித்துவந்தனர். ஓராண்டு ஈராண்டு அல்ல, நூற்றாண்டு நூற்றாண்டாகச் சாதித்தனர். அந்த ஒரு மொழியும், உழுபவனுக்கும் நெய்பவனுக்கும் மீன் பிடிப்பவனுக்கும் விளங்காத மொழியாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டனர். விளங்காமை விபத்தன்று, அதுவே வாணிகத்தின் முதல். ஆண்டவனுக்கும் அடியவனுக்கும் இடையே மொழி என்னும் மதிலை எழுப்பி, அம்மதிலின் ஒரே வாயிலில் காவலனாகத் தானே நின்றுகொண்டால், உள்ளே போகிறவன் சுங்கம் செலுத்தித்தானே ஆகவேண்டும்!

கிழக்கே தேவபாஷை என்றனர். மேற்கே இலத்தீன் என்றனர். பெயர் வேறு, பிழைப்பு ஒன்று.

அந்த மதிலில், ஐரோப்பாவின் வடகோடியில், ஒரு குளிர்நாட்டு மாணவன் வாயில் ஒன்று வெட்டிய கதையைத்தான் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன். அவன் மதத்தைப் பரப்பப் படித்தவன். பின்னாளில் பிஷப்பாகவே ஆனவன். "பகுத்தறிவு பேசும் ஏட்டில் பிஷப்புக்கு என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். விடையைக் கதையின் முடிவில் நீங்களே காண்பீர்கள்.

பின்லாந்து என்னும் நாட்டை நிலப்படத்தில் பாருங்கள். காடும் ஏரியும் கலந்து கிடக்கும் நாடு. ஆண்டில் பல திங்கள் பனி மூடிக் கிடக்கும் நாடு. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் சுவீடன் நாட்டார் அங்கே படையோடு வந்தனர். ஒரு கையில் வாள், மறு கையில் சிலுவை. நாடு சுவீடன் முடியின்கீழ் அடங்கியது. மக்கள் ஞானத்தீக்கை பெற்றனர். துர்க்கு என்னும் நகரில் பெரிய கோவில் எழுந்தது. 1300-ஆம் ஆண்டில் அது அருட்பொழிவு செய்யப்பட்டது. எல்லாம் வந்தன. ஆனால் மக்களின் மொழிக்கு எந்த இடமும் வரவில்லை. சட்டம் சுவீடிய மொழியில். வழிபாடு இலத்தீன் மொழியில். துறைமுக வாணிகம் பெரிதும் ஜெர்மன் மொழியில். பெரும்பான்மை மக்கள் பேசிய பின்னிஷ் மொழியோ அடுப்படியிலும் ஏர்முனையிலும் மீன்வலையருகிலும் ஒதுங்கிக் கிடந்தது. அதற்கு எழுத்து வழக்கு இல்லை, ஏடு இல்லை.

பின்லாந்துக்கென்று அச்சிடப்பட்ட முதல் நூல் 1488-இல் வெளிவந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரிலே அச்சிடப்பட்ட அந்த நூல், துர்க்குச் சபைக்கான வழிபாட்டு நூல். எந்த மொழியில்? இலத்தீனில்! ஒரு நாட்டு மக்களுக்கென்று வந்த முதல் நூல், அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கேனும் விளங்குமா என்று எவரும் கவலை கொள்ளவில்லை. கவலை கொள்ள வேண்டியவர்கள் குருமார். அவர்களுக்கோ விளங்காமையே நலம்.

இத்தகைய நாட்டில், 1510-ஐ ஒட்டிய ஓர் ஆண்டில், தென்கரையிலுள்ள பெர்னாயா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மிக்கேல். வீபுரி நகரத்துப் பள்ளிக்குச் சென்றார். அந்நாளில் படிப்பு என்றால் இலத்தீன். படித்தவன் என்றால் இலத்தீன் பெயர் பூண்டவன். மிக்கேலும் ஒரு பெயர் பூண்டார். ஆனால் எந்தப் பெயர்? வீரன் என்றோ, வேந்தன் என்றோ அல்ல, "அக்ரிகோலா" என்று. அதன் பொருள் உழவன்! தந்தையின் தொழிலை மறைக்க இலத்தீனை நாடியோர் பலர். தந்தையின் தொழிலை இலத்தீனிலேயே பறைசாற்றியவர் இவர்.

1528-இல் துர்க்கு நகருக்கு வந்து, பிஷப் மார்ட்டின் ஸ்கித்தேயின் எழுத்தராக அமர்ந்தார். அக்காலம் ஐரோப்பாவே கொதித்துக்கொண்டிருந்த காலம். 1517-இல் மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துக் கிளப்பிய புயல், 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மக்களின் பேச்சு மொழியில் தந்து, 1534-இல் பைபிள் முழுவதையும் அம்மொழியிலேயே தந்திருந்தது. சுவீடன் மன்னர் குஸ்டாவ் வாசாவும் 1527-இல் உரோமாபுரியின் பிடியை உதறினார். அவருக்கு மொழிப்பற்று வந்ததா, மெய்ஞ்ஞானம் வந்ததா என்று எவரும் மயங்க வேண்டாம். சபையின் நிலமும் வெள்ளியும் அரண்மனைக் கருவூலத்துக்கு வந்தன! மன்னர்கள் சீர்திருத்தம் செய்யும்போது கணக்கேட்டையும் உடன் பார்ப்பது வரலாற்று மாணவனின் கடமை.

1536-இல் பிஷப் ஸ்கித்தே, அக்ரிகோலாவையும் அவர்தம் தோழர் ஒருவரையும் ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். லூதர் விரிவுரையாற்றிய இடம் அது. கிரேக்கப் புலமையில் ஓங்கிய மெலாங்க்தன் பாடஞ்சொன்ன இடம் அது. கடல் கடந்து, மொழி கடந்து, அந்த உழவன் மகன் அங்கே போய் அமர்ந்தார். மூன்றாண்டுகள் பயின்றார்.

அயல்நாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களை நாம் அறிவோம். போகும்போது மொழியோடு போய், வரும்போது மொழியை மறந்து வருகிறவர்கள் உண்டு. "தாய்மொழியில் சொல்ல வரவில்லை" என்பதையே பட்டத்துக்குமேல் மற்றொரு பட்டமாகச் சூடிக்கொள்வோர் உண்டு. அக்ரிகோலா விட்டன்பர்க்கில் கண்டது என்ன? ஜெர்மானிய உழவனும் தச்சனும் தன் மொழியில் நூலைக் கையில் ஏந்திப் படிப்பதைக் கண்டார். "இவனுக்கு உண்டு, என் ஊரானுக்கு ஏன் இல்லை?" என்னும் கேள்வி பிறக்க வேறென்ன வேண்டும்! மாணவராக இருந்தபோதே, 1537-ஐ ஒட்டி, புதிய ஏற்பாட்டைப் பின்னிஷ் மொழியில் பெயர்க்கத் தொடங்கிவிட்டார். பொருளுதவி வேண்டி மன்னருக்கு எழுதியபோது, இப்பணியையும் எடுத்துக் கூறினார். 1539-இல் பட்டம் பெற்று, லூதரும் மெலாங்க்தனும் மன்னருக்கு எழுதிய பரிந்துரை மடல்களுடன் தாயகம் திரும்பினார்.

திரும்பியவர் துர்க்குக் கோவிற்பள்ளியின் தலைமையாசிரியரானார். பள்ளியாசிரியன் என்ற முறையில் எனக்கு நெருக்கமான இடம் இதுவே. ஏனெனில், அம்மனிதர் முதலில் அச்சிட்டு வெளியிட்டது புதிய ஏற்பாட்டை அன்று, அரிச்சுவடியை! 1543-இல் வெளிவந்த "அபிசி" நூல், சில பக்கங்களே கொண்ட சிற்றேடு. எழுத்துகள், எண்கள், அவற்றோடு ஞானோபதேசம். நூலின் நோக்கம் மதந்தான், ஐயமில்லை. ஆனால் நூலைப் படிக்க எழுத்து வேண்டும். எழுத்தைப் பயில அரிச்சுவடி வேண்டும். ஆதலால் அரிச்சுவடியே முதலில் வேண்டும் என்று உணர்ந்தார் பாருங்கள், அங்கேதான் ஆசிரியன் பேசுகிறான். அந்த முதற்பதிப்பின் முழுப்படி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. அரிச்சுவடியின் துண்டுகள், பழைய புத்தகங்களின் கட்டடத்துக்குள் ஒட்டுத்தாளாகக் கிடந்து அகப்பட்டன. அரிச்சுவடிகளின் விதி அது. குழந்தைகளின் கைபட்டுக் கிழிந்துபோவதே அவற்றின் பெருமை.

அடுத்து 1544-இல் வேண்டுதல் நூல். 800-க்கும் மேற்பட்ட பக்கங்கள். அதிலே வெறும் வேண்டுதல் மட்டுமன்று. நாள்காட்டி உண்டு, வானியற் குறிப்பு உண்டு, அக்கால அறிவுக்கேற்ற உடல்நலக் குறிப்பும் உண்டு. பின்னிஷ் மொழி கடவுளுக்கு விளங்காது என்று நினைப்பது அக்கடவுளையே சிறுமைப்படுத்துவதாகும் என்னும் கருத்தை அக்ரிகோலா துணிந்து முன்வைத்தார். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு, கடவுளை நம்பிய ஒருவரே தந்த விடை இது! குருமாரின் மதிலை அவர்கள் வீட்டுக் கடப்பாரை கொண்டே பெயர்த்தார்.

1548-இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 700-க்கும் மேற்பட்ட பக்கங்கள். பின்லாந்தில் அன்று அச்சுக்கூடமே கிடையாது. 1642-ஆம் ஆண்டுவரை அங்கே அச்சுப்பொறி வரவில்லை. ஆதலால் கடலுக்கப்பால் ஸ்டாக்ஹோம் நகரில் அச்சிட வேண்டியிருந்தது. அதினும் பெரிய இடர், மொழியிலேயே இருந்தது. கிரேக்கம், இலத்தீன், ஜெர்மன், சுவீடியம் ஆகிய நான்கு மொழி நூல்களையும் அவர் முன்னே விரித்து வைத்துக்கொண்டார். அந்நான்கும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னிஷ் மொழியோ அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. தமிழைப்போலவே சொல்லோடு உருபை ஒட்டிப் பொருளை வளர்க்கும் மொழி அது. நமக்கு எட்டு வேற்றுமை. அம்மொழிக்குப் பதினைந்து என்பர் இலக்கணத்தார்! இலத்தீன் எழுத்தை எடுத்து அம்மொழியின் ஒலிக்குப் பொருத்துவது, ஒருவருக்குத் தைத்த சட்டையை மற்றொருவருக்கு மாட்டுவது போன்றது. அக்ரிகோலாவின் எழுத்தில் ஒரே ஒலி ஓரிடத்தில் ஒருவாறும் மற்றோரிடத்தில் வேறுவாறும் காணப்படுவதுண்டு. குறைதான். ஆனால் பாதையே இல்லாத காட்டில் முதலில் நடந்தவனின் காலடி கோணலாகத்தான் இருக்கும். பின்னே வருபவனுக்கு அது சாலையாகும்.

நாட்டிலே வழக்கு பல. எவ்வழக்கில் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. சபையின் தலைமையிடமான துர்க்கு வட்டார வழக்கை அடிப்படையாகக் கொண்டு, பிற வழக்குகளின் சொற்களையும் சேர்த்துக்கொண்டார். இல்லாத சொற்களைப் படைத்தார். அவர் ஆண்ட சொற்களில் பெரும்பகுதி இன்றைய பின்னிஷ் மொழியிலும் வழங்குகிறது. ஒன்று இங்கே கருதத்தக்கது. அவர் பிறந்த வட்டாரம் சுவீடிய மொழி மிகுதியாக வழங்கிய வட்டாரம். அவர் வீட்டில் பேசிய மொழி எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும் ஆகுக! மொழிக்குத் தொண்டு செய்ய அம்மொழி பேசும் குருதி வேண்டும் என்பதில்லை. அம்மொழி பேசும் மக்களை மக்களாக மதிக்கும் நெஞ்சம் வேண்டும்.

இவ்வளவும் போற்றினோம். இனி, போற்ற முடியாததையும் சொல்வதே பகுத்தறிவாளனுக்கு அழகு.

1551-இல் அவர் சங்கீத நூலைப் பின்னிஷ் மொழியில் வெளியிட்டார். அதன் முன்னுரையில், பின்லாந்து மக்கள் முன்னாளில் வணங்கிய தெய்வங்களைப் பட்டியலிட்டார். வேட்டைக்கு ஒரு தெய்வம், நீருக்கு ஒரு தெய்வம், விளைச்சலுக்கு ஒரு தெய்வம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எள்ளினார். மூடத்தனம் என்றார். சரிதான், ஆனால் அந்த எள்ளல் எங்கே நின்றது? தம் தெய்வத்தின் வாசலில் நின்றுவிட்டது! காட்டுத் தெய்வத்தைக் கேள்வி கேட்ட கூர்மை, கோவில் தெய்வத்தின் முன் மழுங்கியது. அவர்தம் ஆசான் லூதரும் அப்படியே. போப்பாண்டவரை எதிர்த்து முழங்கிய அதே லூதர், 1525-இல் உழவர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை ஒடுக்கும்படி பிரபுக்களை ஏவி எழுதினார். மறுமைக்கு விடுதலை பேசியவர், இம்மையில் பண்ணையார் பக்கம் நின்றார்.

அக்ரிகோலா 1554-இல் துர்க்குவின் பிஷப்பானார். ரஷ்யாவோடு அமைதி பேசச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்று, பணி முடித்துத் திரும்பும் வழியில், 1557 ஏப்ரல் 9-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் மறைந்த பின்னர் அவர் தந்த எழுத்து என்ன ஆயிற்று?

இங்கேதான் தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். வழிபாட்டில் மக்கள் மொழி வந்துவிட்டது. 1642-இல் முழு பைபிளும் பின்னிஷ் மொழியில் வந்துவிட்டது. ஆனால் 1640-இல் துர்க்கு நகரில் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, அங்கே ஆண்ட மொழி இலத்தீன். நீதிமன்றத்தில் சுவீடிய மொழி. அரசு அலுவலகத்தில் சுவீடிய மொழி. 1686-இல் வந்த சபைச் சட்டம், ஒவ்வொருவரும் ஞானோபதேசத்தைக் கற்கவேண்டும் என்றது. கல்லாதவனுக்குத் திருவிருந்தும் இல்லை, திருமணமும் இல்லை! மக்கள் படிக்கக் கற்றனர். எதைப் படிக்க? சபை தந்ததைப் படிக்க. எழுதுவதற்கோ, வழக்காடுவதற்கோ, ஆளுவதற்கோ அந்த மொழிக்கு வாயிலில்லை. கோவிலுக்குள் விடப்பட்ட மொழி, கோவிலுக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்!

பூட்டை உடைத்தவர்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள். தையற்காரர் மகனாகப் பிறந்து மருத்துவரான எலியாஸ் லோன்ரோத், ஊர் ஊராக நடந்து நாட்டுப் பாடல்களைத் திரட்டி, 1835-இல் "கலேவலா" என்னும் காப்பியமாகத் தொகுத்தார். அதன் தலைவர்கள் யார் தெரியுமா? அக்ரிகோலா தம் முன்னுரையில் பொய்த்தெய்வங்கள் என்று பட்டியலிட்டாரே, அப்பட்டியலில் இடம்பெற்ற வைனாமொய்னனும் இல்மாரினனுமே! அழிக்க எழுதிய பட்டியல், அவர்களைப் பற்றிய பழஞ்சான்றாக நிலைத்துவிட்டது. எழுத்தின் இயல்பு அதுவே. எழுதியவன் விருப்பத்தோடு அது நின்றுவிடாது.

சுவீடிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்த ஸ்னெல்மன், பின்னிஷ் மொழியே நாட்டின் மொழியாக வேண்டும் என்று எழுதுகோல் ஏந்திப் போராடினார். 1858-இல் யூவஸ்கூலா நகரில் பின்னிஷ் மொழி வழியே பாடஞ்சொல்லும் முதல் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. 1809 முதல் பின்லாந்து ரஷ்யப் பேரரசின்கீழ் இருந்தது. 1863-இல் சார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர், இருபது ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் பின்னிஷ் மொழிக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். 1870-இல் அலெக்சிஸ் கிவி எழுதிய "ஏழு சகோதரர்கள்", அம்மொழியின் முதல் பெரும் புதினமாக மலர்ந்தது. அந்த ஏழு உழவர் மக்களும், கோவில் உபதேசியாரின் அரிச்சுவடிக் கொடுமை தாங்காமல் ஓட்டம் பிடிக்கிறார்கள்! அக்ரிகோலா அன்போடு தந்த அரிச்சுவடி, சபையின் கையில் பிரம்பாக மாறியதைக் கிவி சிரிக்கச் சிரிக்க எழுதிக் காட்டினார். 1917 டிசம்பர் 6-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது.

அந்த ஜெர்மானியக் காற்று நம் கரைக்கும் வந்ததுண்டு. லூதர் வழிச் சபையைச் சேர்ந்தவராய், ஜெர்மனியின் ஹாலே நகரில் பயின்ற சீகன்பால்கு, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மணலிலே விரல் வைத்துத் தமிழ் எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து பழகினார். தமிழில் அச்சான புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவு பெற்றது. மக்களிடம் பேச மக்கள் மொழி வேண்டும் என்ற அதே நெறி, அந்தக் கடற்கரைவரை வந்தது. அவர் வந்தது மதம் பரப்ப. நமக்குக் கிடைத்தது அச்சு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: தமிழ் எழுத்துக்கு அவர் காத்திருந்தார், தமிழ் எழுத்து அவருக்காகக் காத்திருக்கவில்லை.

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். பிஷப்புக்கு இந்த ஏட்டில் என்ன வேலை?

அவர் பரப்பிய நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை. ஆனால் நம்பிக்கையைப் பரப்பப் போனவர், தம்மையறியாமலே ஓர் ஆயுதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். படிக்கத் தெரிந்தவன் கட்டளையை மட்டும் படிப்பதில்லை. ஒரு நாள் சட்டத்தையும் படிப்பான், கணக்கையும் படிப்பான், ஏன் என்றும் கேட்பான். வேண்டுதலுக்கு வந்த எழுத்து, விண்ணப்பத்துக்கும் வந்தது. விண்ணப்பத்துக்கு வந்த எழுத்து, விடுதலை முழக்கத்துக்கும் வந்தது.

ஆனால் அது தானாக வந்ததா? முந்நூறு ஆண்டுக் காத்திருப்பு அல்லவா இடையிலே கிடக்கிறது! கோவிலில் நம் மொழி ஒலிக்கட்டும் என்று கேட்பது நேர்மையான கேள்வி; மதிலை இடிக்கும் கேள்வி. அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால், மதிலுக்குள்ளே நம் மொழிக்கு ஒரு மாடம் கிடைக்கும், அவ்வளவே. வழக்கு மன்றத்தில், ஆராய்ச்சிக் கூடத்தில், ஆட்சி மேடையில் அது ஏறவேண்டும். அதற்கு அக்ரிகோலா மட்டும் போதாது. லோன்ரோத் வேண்டும், ஸ்னெல்மன் வேண்டும், கிவி வேண்டும்.

இன்றும் பின்லாந்தில் ஏப்ரல் 9-ஆம் நாள், அக்ரிகோலா மறைந்த நாள், பின்னிஷ் மொழியின் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1802-இல் லோன்ரோத் பிறந்ததும் அதே ஏப்ரல் 9. ஒருவர் மறைந்த நாளும் மற்றவர் பிறந்த நாளும் ஒன்றாயிற்று. விதி என்பான் பழைமைவாதி. தற்செயல் என்போம் நாம். ஆயினும் அந்தத் தற்செயல் நமக்குப் பாடமாகிறது: ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் தொடங்க வேண்டும்.

கடல் கடந்து படிக்கப் போகும் தமிழிளைஞனே! போய் வா. கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் கற்றுக்கொள். திரும்பும்போது உன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று உன் ஊர் உழவன் கேட்பான். பட்டத்தைக் காட்டாதே, அவன் மொழியில் எழுதிய ஓர் ஏட்டைக் காட்டு!